எது ஒரிஜினல்?

போன டிசம்பரில் இந்தியா போனபோது பெங்களூரில் சித்தப்பா வீட்டில் நாலு நாள் தங்கினேன். காபி, தோசை, டிராஃபிக் எல்லாம் வழக்கம்போல. இந்த முறை கூடுதலாக ஒரு சண்டை, சித்தப்பாவுக்கும் தம்பிக்கும். காரணம், ஷெட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் 1970-ஆம் வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

தம்பி அதைப் பழையபடி ஆக்கப் போகிறானாம். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கான டைனமோவும் இன்னும் சில பாகங்களும் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியிருந்தன. அடுத்து ஸ்பிட்ஃபயரின் 1493 சிசி எஞ்சினும் வருகிறதாம். "எல்லாம் ஒரிஜினல் இங்கிலீஷ் பார்ட்ஸ் அண்ணா" என்றான் பெருமையாக.

சித்தப்பா விடவில்லை. "டேய், வண்டி பொறந்தது வண்டலூர்ல. சீமைச் சாமான் அதுக்கு எப்படிடா ஒரிஜினல்?"

பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். தீர்ப்பு சொல்லக் கொஞ்சம் சரித்திரம் தேவைப்பட்டது.

ஹெரால்ட் இங்கிலாந்தில் 1959-இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிச்சலோட்டி. அதற்கு முன்பே, 1953-இல், ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடி செய்துகொடுக்க ஆள் இல்லை. அதனால் தனிச் சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையைக்கூடக் கழற்றலாம்! அதே சேஸிஸைக் குறுக்கி 1962-இல் செய்ததுதான் ஸ்பிட்ஃபயர். ஆகவே ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்கார்ந்துவிடும். வசதியும் அதுதான், வம்பும் அதுதான்.

இனி நம்ம ஊர்க் கதை. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-இல் மதராஸில் தொடங்கியது. வண்டலூர் தொழிற்சாலையிலிருந்து ஹெரால்ட் 1961-இல் வெளிவந்தது. உள்நாட்டிலேயே தயாரிக்கத் திட்டமில்லாத கார் கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்று அரசாங்கம் 1953-இல் சொல்லிவிட, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிவிட்டிருந்தன. இருந்தவர்கள் பாகங்களை இங்கேயே செய்தாக வேண்டும். அப்படி மதராஸைச் சுற்றி முளைத்தவைதான் வீல்ஸ் இந்தியா (1960), லூகாஸ்-டிவிஎஸ் (1961), பிரேக்ஸ் இந்தியா (1962). பாஷ் உதவியோடு மைகோ 1951-லேயே வந்துவிட்டது.

எனவே வருஷத்தைப் பார்க்காமல் "ஒரிஜினல்" என்று சொல்ல முடியாது. 1961 ஹெரால்டில் இங்கிலாந்து முத்திரை இருந்தால் நியாயம். 1970 வண்டியில் அதே முத்திரை இருந்தால், யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும்.

நம்ம ஊர் ஹெரால்டை அடையாளம் காண இன்னும் சில வழிகள்:

பேட்ஜ். இங்கே விற்றது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ட்ரையம்ஃப் பேட்ஜ் இருந்தால் இறக்குமதி வண்டி, இல்லையேல் ஒப்பனை.

கதவு. நாலு கதவு ஹெரால்ட் இந்தியாவில் மட்டுமே செய்தது. இங்கிலாந்தில் இரண்டு கதவுதான்.

எஞ்சின். அங்கே 1147, 1296 சிசி என்று வளர்ந்தது. இங்கே கடைசிவரை 948.

பின் ஆக்ஸில். ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும், குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங். நம் மெக்கானிக்குகளுக்கு இது பிடிபடாததால் 1972-இல் வந்த கெஸலில் சாதாரண ஒற்றை ஆக்ஸில் போட்டார்கள். ஹெரால்டில் அது இருந்தால் பின்னால் செய்த வேலை.

போல்ட். எல்லாம் இன்ச் கணக்கு. அரை இன்ச் ஸ்பேனர் (12.7 மி.மீ.) கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். 13-ஆம் நம்பர்தான் சரியாகப் பிடிக்கிறது என்றால் அந்த போல்ட் பிற்காலத்தது.

எல்லாவற்றுக்கும் மேலே ஆர்சி புக். அதிலுள்ள எஞ்சின், சேஸிஸ் நம்பர்கள் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.

இது வெறும் கௌரவப் பிரச்சினையும் இல்லை. 2021-இல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்போதுதான் "விஏ" என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு கிடைக்கும். டைனமோவை மாற்றினால் யாரும் கேட்க மாட்டார்கள். 1493 சிசி எஞ்சினைப் போட்டால் கேட்பார்கள்.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. சித்தப்பா ஷெட்டின் மூலையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்து வந்தார். குப்பை என்று தம்பி கழற்றிப் போட்டவை. உள்ளே இருந்த டைனமோவைத் துணியால் துடைத்தால், லூகாஸ்-டிவிஎஸ். ஜேசி ரோடில் காயில் கட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறார் என்று மறுநாள் காலை இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். இங்கிலாந்து டைனமோ ஸ்பேராக இருக்கிறது. எஞ்சின் ஆர்டர் கேன்சல்.

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் என்ற பெயர் பிறந்த இங்கிலாந்தில் 1963-லேயே கார்களிலிருந்து மறைந்துவிட்டது. அதை 1980-கள் வரை வைத்திருந்தது வண்டலூர்தான். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு அப்பா அம்மா ஊரில்கூட மறந்துபோன பழக்கங்களை விடாமல் பிடித்திருக்கும் நமக்கு இது புரியும் :-)

ஊரில் அப்பாவின் பழைய வண்டி நிற்கிறதா? அடுத்த லீவில் ஷெட்டைக் காலி செய்யும் முன் ஆர்சி புக்கையும் பழைய ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். மூலையில் சாக்கு மூட்டை இருந்தால் அவிழ்த்துப் பார்க்காமல் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.