இ.எஸ்.ஐ. கார்டும் ஒன்பதரை மாதக் கவசமும்

காலடிப்பேட்டையில் சென்னை கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலத்தில் காய்ச்சலுக்குக் கஷாயம், மிஞ்சினால் பெருமாள். நான் ஆலையில் சேர்ந்தபோது சம்பளத்தில் பிடித்தார்கள், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) கார்டு தந்தார்கள், சர்க்கரை உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தின் அருமை அதுதான்.

1986இல் வந்த மெடிக்ளைம் என்ற மருத்துவக் காப்பீடு அதைத்தான் முதலில் கேட்டது. பழைய நோய்க்குக் காசு கிடையாது என்றது.

2020 ஜூலையில் ‘கொரோனா கவச்’ பாலிசி வந்தது: மூன்றரை, ஆறரை, ஒன்பதரை மாதக் கணக்கு, 15 நாள் காத்திருப்பு. கொரோனாவோடு கிளம்பிய சர்க்கரைக்கும் பணம் இருந்தது; சர்க்கரைக்கென்றே படுத்தால் இல்லை. அன்றைய அவசரத்துக்கு அது உதவியது, அதை நம்பி உட்கார முடியவில்லை.

மருத்துவக் காப்பீடுகளில் பழைய நோய்க்கான காத்திருப்பின் உச்சவரம்பு 2024 ஏப்ரலில் 48 மாதத்திலிருந்து 36 ஆனது. இ.எஸ்.ஐ.யிலோ ஐந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றால், மாதம் 10 ரூபாய்க்குப் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வைத்தியம். காண்ட்ராக்ட் பையன்களில் எத்தனை பேருக்கு அந்த ஐந்து வருஷம் தேறும்?