இசைக்குறிப்பிலிருந்து ஒலிக்கு: பியானோ கலைஞர் டேவிட் டியூடரின் பாதை

1950 டிசம்பர் 17 அன்று நியூயார்க்கின் கார்னகி ரிசைட்டல் ஹாலில், பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலேஸின் இரண்டாம் பியானோ சொனாட்டாவை அமெரிக்காவில் முதன்முறையாக வாசித்தவர் டேவிட் டியூடர். அப்போது அவருக்கு வயது 24. அடுத்த பத்தாண்டுகளில் பியானோவுக்கென எழுதப்பட்ட மிகக் கடினமான புதிய உருப்படிகள் பலவும் அவர் கைக்கே வந்து சேர்ந்தன. ஆனால் 1960களின் நடுவிலிருந்து அவர் பியானோவைப் படிப்படியாகக் கைவிட்டு, மின்னணுக் கருவிகளைக் கொண்டு தாமே இசையமைக்கத் தொடங்கினார். இதைத் திடீர் விலகலாகக் கருதுவோர் உண்டு. அவருடைய கையெழுத்துத் தாள்கள் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் உள்ளன. அவை காட்டும் கதை வேறு. பிறர் எழுதியதை வாசிக்க அவர் செய்த தயாரிப்பே சிறிது சிறிதாக இசையமைப்பாக வளர்ந்தது.

டியூடர் 1926இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். அவர் முதலில் தேர்ச்சி பெற்றது ஆர்கனில். இளவயதிலேயே ஸ்வார்த்மோர் ஊரின் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகப் பணியாற்றினார். ஆர்கனில் விரலின் அழுத்தம் ஒலியின் பலத்தை மாற்றாது. எந்தக் குழாய் வரிசை ஒலிக்க வேண்டும் என்பதை முன்னதாகவே தீர்மானித்துவிட்டுத்தான் கட்டையைத் தொட வேண்டும். வாசிப்புக்கு முன்பே ஒலியைத் திட்டமிடும் இந்தப் பழக்கம் அவரிடம் கடைசிவரை நிலைத்தது எனலாம். இர்மா வோல்பேயின் பியானோ வாசிப்பைக் கேட்ட பிறகு அவரிடமே மாணவராகச் சேர்ந்தார். இர்மாவின் கணவர் ஸ்டெஃபான் வோல்பேயிடம் இசையமைப்பும் பயின்றார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் ஸ்டெஃபான். அவருடைய ‘பேட்டில் பீஸ்’ என்ற பெரிய பியானோப் படைப்பை 1950இல் அரங்கேற்றியவரும் டியூடரே.

பூலேஸின் சொனாட்டா அவருக்கு வேறு வகையான சோதனையாக அமைந்தது. 1949இல் பாரிஸ் சென்ற அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் அதன் இசைக்குறிப்பை நியூயார்க்கிற்குக் கொண்டுவந்தார். அந்த இசையில் ஒரு சொற்றொடர் அடுத்ததைக் கேட்டு வாங்குவதில்லை. மெட்டு, எதிர்பார்ப்பு, நிறைவு என்ற பழைய ஓட்டம் அங்கே கிடையாது. விரல்கள் கடினமான இடங்களைத் தாண்டிவிட்டாலும், எதைப் பற்றிக்கொண்டு முன்னே செல்வது என்பது புரியவில்லை. டியூடர் பிரெஞ்சு மொழி கற்று, பூலேஸைக் கவர்ந்த எழுத்தாளர்களைப் படித்தார். நாடகம் பற்றிய அந்தோனின் ஆர்த்தோவின் நூல்தான் வழிகாட்டியது. முந்தைய கணத்தை நினைவில் சுமக்காமல், ஒவ்வொரு ஒலியையும் அது எழும் நேரத்தில் மட்டும் சந்திக்கும் மனநிலையை அவர் பழகிக்கொண்டார். பின்னர் வாசித்த அனைத்துக்கும் இதுவே அடித்தளமாயிற்று.

1951இல் கேஜ் எழுதிய ‘மியூசிக் ஆஃப் சேஞ்சஸ்’ டியூடருக்கே உரித்தாக்கப்பட்டது. ‘இ ச்சிங்’ என்னும் சீனப் பழநூலின் முறைப்படி கேஜ் மூன்று நாணயங்களை ஆறு முறை சுண்டுவார். விழும் வரிசை 64 கட்டங்களில் ஒன்றைச் சுட்டும். எந்த ஒலி, எவ்வளவு நீளம், எவ்வளவு பலம் என்பதெல்லாம் அந்தக் கட்டங்களிலிருந்தே வந்தன. ஒலிகளுக்கான அட்டவணையில் பாதிக் கட்டங்கள் மௌனத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. தாளில் 2.5 சென்டிமீட்டர் என்பது ஒரு கால் நோட்டின் அளவு. ஆனால் வேகமும் நாணயத்தின் சொற்படி கூடிக் குறைந்துகொண்டே இருந்ததால், ஒரே நீளம் ஓரிடத்தில் ஒரு விநாடியாகவும் இன்னோரிடத்தில் அதில் பாதியாகவும் ஆகக்கூடும். மனத்தில் தாளம் போட்டு இதை வாசிக்க இயலாது. டியூடர் அதற்குத் தேவையான கணக்கைப் புதிதாகக் கற்று, தூரங்களை விநாடிகளாக மாற்றினார். ஸ்டாப்வாட்ச் அவருடைய தாளக்கருவியாயிற்று. முழுப் படைப்பும் 1952 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் செர்ரி லேன் நாடக அரங்கில் ஒலித்தது.

அதே ஸ்டாப்வாட்ச் அவ்வாண்டு ஆகஸ்ட் 29 அன்று உட்ஸ்டாக்கின் மேவரிக் அரங்கிலும் அவர் முன் இருந்தது. அன்று அரங்கேறியது, ஒரு சுரமும் வாசிக்கப்படாத கேஜின் ‘4 நிமிடம் 33 விநாடி’. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் பியானோக் கட்டைகளின் மேல்மூடியை மூடுவார், முடிவில் திறப்பார். இடையே தாள்களைப் புரட்டுவார். மூன்று பகுதிகளின் நீளம் 33, 160, 80 விநாடிகள். காடு சூழ்ந்த அந்த அரங்கில் முதலில் காற்றும், பிறகு கூரைமேல் மழைத்துளிகளும், கடைசியில் மக்களின் முணுமுணுப்பும் கேட்டன. கேஜின் துணிச்சலைப் பேசுகிறவர்கள், அந்த மௌனத்தை விநாடி பிசகாமல் வாசித்தவரின் ஒழுங்கையும் பேச வேண்டும்.

மோர்ட்டன் ஃபெல்ட்மன் எதிர்த்திசையிலிருந்து வந்தார். 1953இல் டியூடருக்காக எழுதிய ‘இன்டர்செக்‌ஷன் 3’ வரைபடத் தாளில் அமைந்தது. கட்டத்துக்குள் இருக்கும் எண் எத்தனை சுரங்கள் என்பதைச் சொல்லும். கட்டத்தின் இடம் அவை மேலே, நடுவே, கீழே எந்தப் பகுதியில் என்பதைச் சொல்லும். எந்தச் சுரங்கள் என்பது வாசிப்பவரின் விருப்பம். மேடையில் கைக்கு வந்ததை வாசித்தாலும் விதிமீறல் ஆகாது. டியூடர் அவ்வாறு செய்யவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுரங்களைத் தேர்ந்து, வழக்கமான இசைக்குறிப்பில் முழுமையாக எழுதிக்கொண்டு அந்தப் படியைப் பார்த்தே வாசித்தார். ஜான் ஹோல்சாப்ஃபெல் இத்தகைய படிகளை ஆராய்ந்து, அவற்றின் பின்னே இருந்த உழைப்பை வெளிக்கொணர்ந்தார். இசையமைப்பாளர் விட்ட இடைவெளி பெரிதாகப் பெரிதாக, டியூடரின் எழுத்துவேலையும் பெருகியது. இத்திருப்பத்தில் அவர் பாதி இசையமைப்பாளராகவே ஆகிவிட்டார்.

ஐரோப்பா அவரை 1954இல் கேஜுடன் டோனாவ்ஷிங்கனில் கேட்டது. 1956இலும் 1958இலும் டார்ம்ஷ்டாட் கோடைப் பயிலரங்கில் அவர் பங்கேற்றார். கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் தம் பியானோ உருப்படிகளில் 5 முதல் 8 வரையானவற்றை அவருக்கு உரித்தாக்கினார். 11ஆம் உருப்படியில் ஒரே பெரிய தாளில் 19 சுரத்தொகுதிகள் சிதறிக் கிடக்கின்றன. கண் படும் தொகுதியிலிருந்து தொடங்கலாம், ஏதேனும் ஒன்று மூன்றாம் முறை வந்ததும் இசை முடிந்துவிடும். 1957இல் நியூயார்க்கில் அதை அரங்கேற்றியவர் டியூடர். இத்தாலியரான சில்வானோ புசொத்தி 1959இல் எழுதிய படைப்பின் தலைப்பே ‘டேவிட் டியூடருக்கான ஐந்து பியானோ உருப்படிகள்’. அத்தலைப்பில் டியூடரின் பெயர் காணிக்கையைவிட வாத்தியத்தின் பெயரைப் போலவே நிற்கிறது.

கேஜின் ‘பியானோவுக்கும் வாத்தியக் குழுவுக்குமான கச்சேரி’ 1958 மே 15 அன்று நியூயார்க் டவுன் ஹாலில் அரங்கேறியது. அதன் பியானோப் பகுதி 63 பக்கங்கள். அவற்றில் 84 வகைக் குறியீடுகள். டியூடர் அதற்கு ஒரு படி எழுதினார், பிறகு முற்றிலும் வேறான இரண்டாவது படியும் எழுதினார். 1959இல் கேஜ் 90 சிறுகதைகளை ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாகச் சொன்ன ஒலிப்பதிவில், இந்த இசையே துணையாக வந்தது. கேஜ் ஓர் அறையிலும் டியூடர் வேறோர் அறையிலும் இருந்தார்கள்; ஒருவர் ஒலி மற்றவர் காதில் விழவில்லை.

கேஜின் 1961ஆம் ஆண்டுப் படைப்பான ‘வேரியேஷன்ஸ் 2’ வழக்கமான இசைக்குறிப்பே அல்ல. ஆறு கண்ணாடித் தாள்களில் கோடுகள், ஐந்தில் புள்ளிகள். தாள்களைக் கலைத்துப் போட்டு, புள்ளிகளிலிருந்து கோடுகளுக்குள்ள தூரத்தை அளந்து ஒலியின் இயல்புகளைக் கண்டறிய வேண்டும். டியூடர் தேர்ந்தது மின்பெருக்கிய பியானோ. ஒட்டுமைக்குகளையும் கிராமபோன் ஊசிமுனைகளையும் பியானோவின் உடலிலும் தந்திகளிலும் பொருத்தினார். சிறு உரசலும் பேரிரைச்சலாகும். ஒலி சுற்றிவந்து தன்னையே ஊட்டிக்கொள்ளும். அத்தகைய கருவியில் நுண்ணிய அளவுகள் பயன்படாது என்று கண்டு, அளந்தவற்றை எளியது, சிக்கலானது என்ற இரண்டே வகைகளாகச் சுருக்கிக்கொண்டார். இதை விளக்கிய ஜேம்ஸ் பிரிட்செட்டின் ஆய்வு, கேஜின் பெயரில் டியூடரின் சொந்த இசை பிறந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது.

அதன்பின் நடந்தவை விரைவானவை. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் கலைஞர்களும் பொறியாளர்களும் கூடி நடத்திய ‘ஒன்பது மாலைகள்’ நிகழ்ச்சியில், ‘பாண்டோனியன்!’ என்ற தம் படைப்பை அளித்தார். 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசரைக் கொண்டு மின்னணு இசைக்கூடம் ஒன்றை அமைத்தார். அந்நகரின் கீதா சாராபாய் 1946இலேயே நியூயார்க்கில் கேஜுக்கு இந்திய இசை கற்பித்தவர். கேஜ் வட்டத்துக்கு அகமதாபாத்துடன் இருந்த தொடர்பு அவ்வளவு பழையது.

மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனத்துக்காக 1968இல் டியூடர் அமைத்த ‘ரெய்ன்ஃபாரஸ்ட்’டில் ஒலிபெருக்கியின் கூம்பு இல்லை. மின்னொலியை அதிர்வாக மாற்றும் கருவிகள் பொருள்களின் மேலேயே பொருத்தப்பட்டன. 1973இன் நான்காம் வடிவத்தில் தகரங்களும் பலகைகளும் பீப்பாய்களும் கூடம் முழுக்கத் தொங்கின, கேட்பவர்கள் அவற்றினிடையே நடந்து காதை வைத்துக் கேட்டார்கள். பியானோவின் அடியில் தந்தியின் அதிர்வை வாங்கி ஒலிக்கும் மரப்பலகை செய்த வேலையை, அங்கே ஒவ்வொரு பொருளும் தன் குரலில் செய்தது.