தஞ்சாவூர்ப் படமா, மைசூர்ப் படமா?

மல்லேஸ்வரத்தில் எங்கள் அகத்துப் பூஜை அறையில் ஸ்ரீராம பட்டாபிஷேகப் படம் ஒன்று உண்டு. மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த என் பாட்டனார் வாங்கியது. எழுபது வயது வரை அதைத் தஞ்சாவூர்ப் படம் என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். குமாரகிருபா சாலையில் உள்ள சித்ரகலா பரிஷத்தில் மைசூர்ப் படங்களைப் பார்த்த பிறகுதான் தவறு புரிந்தது.

இரண்டுக்கும் தாய்வீடு விஜயநகரம். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பின் ஆதரவிழந்த சித்திரக்காரர்கள் பல ஊர்களுக்குச் சென்றனர். தஞ்சையில் நாயக்கர்களும் பிறகு மராட்டியரும் ஆதரித்தார்கள், இங்கே உடையார்கள். 1868ல் மறைந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலமே மைசூர் பாணியின் உச்சம். அவர் தொகுப்பித்த ஸ்ரீதத்வநிதியில் தெய்வங்களின் லட்சணங்கள் படங்களுடன் உள்ளன.

தஞ்சைப் படம் பலகைமேல் துணி ஒட்டி வரைவது. கற்கள் பதித்து, தங்க ரேக்கு புடைத்து நிற்கும். மைசூரில் பெரும்பாலும் காகிதம். ஈய வெள்ளை, மஞ்சள் மரப்பிசின், கோந்து குழைத்து இட்ட மேடு மிக மெல்லியது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன் தீபாவளி சமயம் கண்ணாடியைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்தேன். கோந்து தண்ணீரில் கரையும் என்பது ரசாயனம் படித்த எனக்குத் தோன்றவில்லை! அனுமார் முகத்தில் பாதி துணியோடு வந்துவிட்டது. என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

அன்பர்களே, உங்கள் அகத்தில் இத்தகைய படம் இருந்தால் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.