மானிப்பாய் வைத்திய வகுப்பு

யாழ்ப்பாண நகரிலிருந்து வடமேற்காகச் சில கல் தூரம் சென்றால் மானிப்பாய் என்னும் ஊரை அடையலாம். அங்கே கிறீன் நினைவு வைத்தியசாலை என்னும் பெயருடன் ஒரு மருத்துவ நிலையம் உண்டு. அவ்வழியே செல்வோர் பலர் அப்பெயரை வாசித்திருப்பர். யார் அந்தக் கிறீன் என்று வினவினால், அமெரிக்காவிலிருந்து வந்த வைத்தியர் ஒருவர் என்ற அளவில் பெரும்பாலோர் விடை நின்றுவிடும். அவர் நோய் தீர்த்த வைத்தியர் என்பது உண்மையே. ஆயினும், தமிழர் வரலாற்றில் அவருக்குரிய இடம் அதனால் மாத்திரம் அமைந்ததன்று. அவர் ஓர் ஆசிரியர். தாம் கற்றதை மாணவருக்குச் சொல்லிக் கொடுத்ததோடு அமையாது, அம்மாணவரோடு கூடியிருந்து, அவர்கள் படிக்க வேண்டிய நூல்களை அவர்களையும் துணைக்கொண்டு ஆக்கிய ஆசிரியர். பாடநூல் முன்னே பிறந்து வகுப்புப் பின்னே தோன்றுவது உலக வழக்கு. மானிப்பாயிலோ வகுப்பிலிருந்தே பாடநூல்கள் பிறந்தன.

அமெரிக்க மிசனைச் சேர்ந்தோர் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து தம் பணியைத் தொடங்கினர். அவர்கள் பள்ளிக்கூடங்களை நிறுவியதோடு, நோயாளருக்கு மருந்து கொடுப்பதையும் தம் தொண்டின் ஒரு பகுதியாகக் கொண்டனர். பண்டத்தரிப்பில் யோன் ஸ்கடர் என்பவரும், அவருக்குப் பின் வட்டுக்கோட்டையில் நாதன் வார்ட் என்பவரும் வைத்தியப் பணி புரிந்தனர். வட்டுக்கோட்டையிலே 1823இல் தோன்றிய செமினரி, கணிதம், வானசாத்திரம், தத்துவம் முதலிய பல துறைகளில் உயர்ந்த கல்வி அளித்துப் பெயர் பெற்று விளங்கியது. கிறீன் வந்து இறங்கிய காலத்தில், ஆங்கிலமும் தமிழும் கற்றுத் தேர்ந்த இளைஞர் கூட்டம் ஒன்று இவ்வாறு யாழ்ப்பாணத்தில் உருவாகியிருந்தது.

சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று பட்டம் பெற்றார். 1847ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாவது வயதளவில், யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையில் தங்கியவர், அடுத்த ஆண்டில் மானிப்பாய்க்குச் சென்றார். 1848இல் அங்கே தொடங்கிய வைத்திய வகுப்பில் இருந்தவர்கள் மாணவர் மூவரே. இலங்கை அரசாங்கம் கொழும்பில் வைத்தியக் கல்லூரி நிறுவியது 1870ஆம் ஆண்டிலேயாம். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில், மேலைநாட்டு வைத்தியம் முறையாகக் கற்பிக்கப்படலாயிற்று.

அவ்வகுப்பு, நாற்காலியும் மேசையும் இட்டு, ஆசிரியர் உரைக்க மாணவர் எழுதிக்கொள்ளும் வகுப்பு மாத்திரமன்று. பாடமும் மருந்துச்சாலையும் ஒன்றையொன்று பிரியாதனவாய் இருந்தன. நூலிற் படித்த நோயை நோயாளர் உடலிற் காணுதல், மருந்துகளை அளந்து கூட்டுதல், புண்களைக் கழுவிக் கட்டுதல், ஆசிரியர் அறுவை செய்யும்போது அருகிலிருந்து உதவுதல் ஆகிய யாவும் படிப்பின் கூறுகளே. வந்த நோயாளரோ அயற்கிராமத்து மக்கள். தமிழன்றி வேறு மொழி அறியாதவர்கள். நோயாளி தன் வருத்தத்தைத் தமிழிற் சொல்லுவான். ஆசிரியர் அதன் காரணத்தை மாணவருக்கு ஆங்கிலத்தில் விளக்குவார். மாணவர் மீண்டும் நோயாளியிடம் தமிழிற் பேச வேண்டும். இம்மூவருக்கும் இடையே மொழி இருமுறை திரும்பியது. ஆங்கிலத்திற் கற்ற நோய்ப் பெயரை நோயாளிக்கு விளங்கச் சொல்ல முயன்றபோது, அதற்கேற்ற தமிழ்ச்சொல் மாணவன் வாயில் வரவில்லை. மானிப்பாயில் பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் வித்து இந்த இடர்ப்பாட்டிலேயே கிடந்தது.

வேறோர் இடர்ப்பாடும் தோன்றியது. ஆங்கிலம் கற்ற வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகத்தின் வாயில் திறந்திருந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர் ஆங்கிலக் கல்வியை விரும்பியதற்கு அவ்வுத்தியோகமே பெருங்காரணம். ஆகவே, கிராமத்து மக்களுக்கென்று பயிற்றப்பட்டவர்கள் கிராமத்தை விட்டு நீங்கினர். நகரங்களுக்கும் தூர மாகாணங்களுக்கும் சென்றனர். அவர்களைக் குறைகூறுதற்கு இடமில்லை. வறிய குடும்பத்திற் பிறந்து, பெற்றோரின் நம்பிக்கை முழுவதையும் சுமந்து படித்தவன், நிலையான சம்பளம் உள்ள இடத்தை நாடுவது இயல்பே. ஆனால், ஆசிரியருடைய நோக்கம் நிறைவேறவில்லை. வாந்திபேதியும் அம்மையும் பரவிய ஊர்களில் பயிற்சி பெற்ற வைத்தியன் ஒருவனும் இல்லாதிருந்தால், வகுப்பு நடத்தியதனால் அவ்வூருக்கு விளைந்த பயன் யாது?

இக்கேள்விக்குக் கிறீன் கண்ட விடை, வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தல் வேண்டும் என்பதாம். தமிழிற் கற்றவன் தமிழ் மக்களிடையே தங்குவான். தன் ஊராரிடம் பெறும் ஊதியத்தைக் கொண்டு வாழ்வான். தான் அறிந்ததை அவர்களுக்கு விளங்கச் சொல்வான் என்று அவர் கருதினார். 1855ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. மிசனின் போக்கும் ஆங்கிலக் கல்வியினின்று நாட்டு மொழிக் கல்வியை நோக்கித் திரும்பியது. கிறீன் 1858இல் தாய்நாடு சென்று, 1862இல் மனைவியோடு மீண்டு வந்தார். அதன்பின், 1864ஆம் ஆண்டளவில், தமிழ்வழி வைத்திய வகுப்பு ஆரம்பமாயிற்று. உத்தியோகத்தை முன்னிட்டு ஆங்கிலத்தையே விரும்பிய சமூகத்தில் இது எளிய செயலன்று. தமிழிற் படித்தவன் ஆங்கிலம் படித்தவனோடு சமமாக மதிக்கப்படுவானோ என்ற ஐயம் மாணவர் மனத்தில் எழுந்திருத்தல் கூடும். அந்த ஐயத்தைச் சொல்லாற் போக்க முடியாது; நூல்களாலேயே போக்க முடியும்.

நூல்களோ தமிழில் இல்லை. இந்நிலையிலேதான் ஆசிரியரும் மாணவரும் ஒரே வேலையிற் பங்காளிகளாயினர். மொழிபெயர்ப்பு முயற்சி 1850களிலேயே சிறு அளவில் தொடங்கியிருந்தது. கற்றர் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய நூலும், மோன்செல் என்பாருடைய பிரசவ வைத்திய நூலும் அக்காலத்திலே தமிழாயின. தமிழ் வகுப்புத் தொடங்கிய பின் இப்பணி பெருகியது. மாணவரும், படித்து முடித்த பழைய மாணவரும் ஆங்கில நூலின் பகுதிகளைத் தமிழாக்கிக் கொண்டுவந்தனர். கிறீன் அவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். சப்மன், டன்வதர் முதலியோர் இவ்வாறு ஆசிரியருக்குத் துணைநின்றவருட் சிலர். வைத்தியத்தில் கிறீன் ஆசிரியர். தமிழில் அவர் மாணவர். அவர் தம் இளமையில் ஒரு சொல்லேனும் கேட்டறியாத மொழி அது. நோயின் இயல்பை அவர் அவர்களுக்குக் கற்பித்தார். சொல்லின் இயல்பை அவர்கள் அவருக்குக் கற்பித்தனர். கற்பிப்போர் யார், கற்போர் யார் என்று பிரித்துக் கூற முடியாத நிலை அது.

இவ்வேலையில் மிகக் கடினமான பகுதி கலைச்சொல் ஆக்கம். ஆங்கில வைத்திய நூல்களில் வரும் ஆயிரக்கணக்கான சொற்களுக்குத் தமிழில் என்ன பெயரிடுவது? கிறீன் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டார். முதலாவதாகத் தமிழில் வழங்கும் சொல் உண்டோ என்று தேடுவது. இல்லையாயின், வடமொழியில் ஏற்றதொரு சொல்லைக் காண்பது. அதுவும் வாய்க்காவிடின், ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தமிழ் ஓசைக்கு இசைய எழுதிக்கொள்வது. இவ்வொழுங்கின் விளைவை நூற்பெயர்களிலேயே காணலாம். புண்ணும் காயமும் பற்றிய சிகிச்சைக்கு நாட்டு வைத்தியர் வழங்கிய இரண வைத்தியம் என்னும் பெயரே, துரூயிற் என்பாருடைய சத்திரசிகிச்சை நூலின் தமிழ்ப் பெயராயிற்று. அந்நூல் 1867இல் வெளிவந்தது. உடலமைப்பைக் கூறும் பெருநூலாகிய கிரேயின் நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயருடன் 1872இல் வந்தது. உடலுறுப்புக்களின் தொழிலைக் கூறும் சாத்திரம் சுகரணம் எனப்பட்டது. இரசாயன நூலோ கெமிஸ்தம் என்றே பெயர் பெற்றது. ஆங்கிலச் சொல்லின் உடலோடு தமிழ் விகுதி பொருந்திய சொல் அது.

இச்சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. கெமிஸ்தம் என்றால் இக்காலத்து மாணவர் நகைக்கவுங் கூடும். அவர்களுக்கு அது இரசாயனவியல். சுகரணம் உடற்றொழிலியல் ஆயிற்று. ஆயினும், ஒரு சொல் நிலைத்ததா அன்றா என்பதைக் கொண்டு மட்டும் அதனை ஆக்கியோரின் உழைப்பை அளத்தல் பொருந்தாது. பாதை இல்லாத காட்டில் முதலில் நடந்தவனுடைய அடிச்சுவடு பின்னர் புல் மூடி மறைதல் கூடும். அவன் நடந்ததனாலேயே அவ்வழியே செல்லலாம் என்பது பின்வந்தோருக்குத் தெரிந்தது. இலங்கையில் 1950களிலும் அதற்குப் பின்னரும் விஞ்ஞான பாடங்களைத் தமிழிற் கற்பிக்க முற்பட்டபோது, கலைச்சொற்களை ஆக்கியோர் எதிர்நோக்கிய கேள்விகள் யாவும் மானிப்பாயில் முன்னரே எழுந்தவை.

கிறீன் மாணவரின் நடையுடையிலும் கருத்துச் செலுத்தினார். தம்மிடம் பயில்வோர் தமது நாட்டு உடையையே அணிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய உடையும் பாவனையும் உயர்வின் அடையாளமாக எண்ணப்பட்ட காலம் அது. வைத்தியன் தன் மக்களைப் போல உடுத்து, அவர்களைப் போலப் பேசி, அவர்களுள் ஒருவனாக இருந்தால்தான் நோயாளி அவனிடம் மனந்திறந்து பேசுவான் என்பதை அவ்வாசிரியர் அறிந்திருந்தார்.

அவரைப் புகழுமிடத்து அவருடைய எல்லைகளையும் மறைத்தல் ஆகாது. அவர் மிசனைச் சேர்ந்தவர். தமது சமயத்தைப் பரப்புதலே தம் வாழ்வின் முடிந்த நோக்கம் என்பதை ஒளித்தவரல்லர். மேலைநாட்டு வைத்தியம் பரவினால் நாட்டு நம்பிக்கைகள் தளரும் என்றும் அவர் எதிர்பார்த்தார். அதே யாழ்ப்பாணத்தில், அதே 1822ஆம் ஆண்டின் டிசெம்பர் மாதத்தில் நல்லூரிலே பிறந்தவர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாயில் வகுப்புத் தொடங்கிய 1848ஆம் ஆண்டிலேதான் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சமயத்தில் இருவரும் எதிரெதிர்த் திசையினர். ஆனால், பிள்ளைகளின் கையில் நல்ல தமிழ் வசன நூல் இருத்தல் வேண்டும், அதனை அச்சிட்டுக் கொடுத்தல் ஆசிரியனின் கடன் என்ற எண்ணத்தில் இருவரும் ஒருவழிப்பட்டனர். சில கல் தூரத்துக்குள், ஒரே காலத்தில், இரண்டு ஆசிரியர்கள் தமிழ் வசனத்தை வகுப்பறையின் கருவியாக்கினர் என்பது யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றின் பெருஞ்சிறப்பு.

உடல்நலம் குன்றிய கிறீன் 1873ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். அதற்குள் அவரிடம் வைத்தியம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் 33 பேர் தமிழ்வழி கற்றவர்கள். பிரிவோடு பணி முடிந்துவிடவில்லை. வூஸ்ரரில் இருந்துகொண்டே அவர் தமிழ் நூல் வேலையைத் தொடர்ந்தார். கடல் கடந்து கடிதம் செல்ல வாரங்கள் பல கழியும் காலம் அது. அவ்வாறிருந்தும் ஆசிரியருக்கும் பழைய மாணவருக்கும் இடையே இருந்த கூட்டு வேலை அறுபடவில்லை. உடற்றொழில் பற்றிய மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்த சாரம் 1884இல் வெளிவந்தது. அந்த 1884ஆம் ஆண்டு மே மாதத்திலேயே கிறீன் காலமானார். அவர் எழுதியும் மொழிபெயர்த்தும் திருத்தியும் வெளியிட்ட வைத்தியத் தமிழ் நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். தமிழருக்கு வைத்தியத் தொண்டு செய்தவர் என்பதையே தமது கல்லறையில் பொறிக்க அவர் விரும்பினார்.

அவருக்குப் பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி வேரூன்றவில்லை. அரசாங்கத்தின் வைத்தியக் கல்வி ஆங்கிலத்திலேயே வளர்ந்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியபோதும் கற்பித்தல் ஆங்கிலத்திலேயே அமைந்தது. இதனை நோக்குவோர் மானிப்பாய் முயற்சி தோல்வியுற்றது என்று கூறலாம். அது முழுவதும் சரியன்று. கிறீன் விடை காண முயன்ற கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. கற்றவனுடைய அறிவு, அவனை வளர்த்த ஊருக்கு எந்த வழியாகத் திரும்பிச் செல்வது என்பதே அக்கேள்வி. நோயாளி தமிழில் தன் வருத்தத்தைச் சொல்லும் காலம் வரை அது தீர்ந்துபோகாது.

மானிப்பாய் வகுப்பு ஆசிரியருலகத்துக்கு விட்டுச் சென்ற பாடம் ஒன்று உண்டு. அறிவு நிரம்பிய ஆசிரியன் தன்னிடம் இல்லாததை மாணவனிடமிருந்து பெற்றுக்கொள்ள நாணுவதில்லை. மூன்று மாணவரோடு தொடங்கிய ஒரு சிறு வகுப்பு, பெருநூல்கள் பலவற்றைத் தமிழுக்குத் தந்தது. அவ்வகுப்பில் ஒரே பலகையின் இருபுறமும் அமர்ந்து ஆசிரியரும் மாணவரும் கற்றனர்.