பத்து ஆண்டு, ஏழு நாள்: ஒரு விதி பிறந்த கதை

தூக்கு விழக்கூடிய வழக்கில், காசில்லாத எதிரிக்குச் சட்ட உதவியின் பேரில் நிற்கும் வக்கீல் குறைந்தது பத்து ஆண்டு தொழில் செய்தவராக இருக்க வேண்டும். வழக்கைப் படிக்க அவருக்குப் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும். உச்ச நீதிமன்றம் இதை விதியாக்கியது 2019 டிசம்பர் 18 அன்று. குடியரசுக்கு அப்போது எழுபது வயது நெருங்கியிருந்தது.

விதி பிறந்த இடம் மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா. 2013 ஜனவரி இறுதியில் அங்கே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். ஊர் கொதித்தது. அனோகிலால் என்ற 21 வயது இளைஞரைப் பிடித்தார்கள். பிப்ரவரி 19 அன்று கோர்ட் அவருக்கு ஒரு வக்கீலை அமர்த்தியது. குற்றச்சாட்டு வனையப்பட்டதும் அன்றே. கேஸ் கட்டைப் பிரித்து முழுதாகப் படிக்கவோ, எதிரியிடம் உட்கார்ந்து பேசவோ அந்த வக்கீலுக்கு ஏது நேரம்? மார்ச் 4 அன்று தூக்குத் தண்டனை. பதிமூன்றே நாளில் ஓர் உயிரின் கணக்கு முடிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் அதே ஆண்டு ஜூனில் அதை உறுதி செய்தது.

உச்ச நீதிமன்றம் ஆறு ஆண்டு கழித்துத் தீர்ப்பை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பி, மேலே சொன்ன விதியையும் எழுதியது. கதை அத்துடன் முடியவில்லை. மறுவிசாரணையிலும் தூக்கு. மரபணு அறிக்கையைத் தந்த நிபுணரை விசாரித்தாக வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வழக்கைத் திரும்ப அனுப்பிய பிறகுதான், 2024 மார்ச்சில், அனோகிலால் குற்றமற்றவர் என்று விடுதலையானார். பதினோரு ஆண்டு போய்விட்டது. அந்தச் சிறுமியின் பெற்றோருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. முதல் விசாரணையிலேயே அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்துக் குறுக்கு விசாரணை செய்ய ஒரு வக்கீலுக்கு அவகாசம் இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பெயருக்கு வக்கீல் இருந்தால் போதாது என்பது உலகுக்குப் புதிய செய்தியும் அல்ல. 1931-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஸ்காட்ஸ்பரோ என்ற ஊரில், ஒன்பது கறுப்பினப் பையன்கள்மேல் பாலியல் வன்கொடுமை வழக்கு வந்தது. நீதிபதி அந்த ஊர் வக்கீல்கள் அத்தனை பேரையும் பொதுவாக நியமித்தார். எல்லாருடைய வேலை என்றால் யாருடைய வேலையும் இல்லை. எட்டுப் பேருக்கு மரண தண்டனை. மறு ஆண்டே 'பவல் எதிர் அலபாமா' தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

அந்தத் தீர்ப்பு கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது. தெலங்கானா கிளர்ச்சி நாட்களில் ஹைதராபாத் சிறப்புத் தீர்ப்பாயம் தூக்கு விதித்த சிலர், வக்கீல் இல்லாமலே தங்களை விசாரித்தார்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். பவல் தீர்ப்பையும் காட்டினார்கள். வக்கீல் இல்லாத காரணத்தால் மட்டும் ஒவ்வொரு மரண தண்டனை விசாரணையும் செல்லாததாகிவிடாது என்று 1951-இல் கோர்ட் சொல்லிவிட்டது. ஜனார்தன் ரெட்டி வழக்கு என்பார்கள். அன்று கதவு திறந்திருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

அதன் பிறகு எல்லாம் மெல்ல மெல்லத்தான். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 304-ஆம் பிரிவு, வசதியில்லாத எதிரிக்கு செஷன்ஸ் வழக்கில் அரசுச் செலவில் வக்கீல் என்றது. 1976-இல் அரசியல் சாசனத்தில் இலவச சட்ட உதவி பற்றிய 39ஏ கூறு சேர்ந்தது. 1978-இல் ஹோஸ்கோட் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இலவச சட்ட உதவியை உரிமையாகவே நிலைநாட்டினார். 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது, அமலானது 1995-இல். இவ்வளவு வந்தும், வரும் வக்கீல் எப்படிப்பட்டவர், அவருக்கு எத்தனை நாள் என்ற கேள்வியை யாரும் விதியாக்கவில்லை.

விதி வருமுன் நம் தமிழ்நாட்டிலும் இதே குறை இருந்திருக்கிறது. 2018-இல் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் தூக்கு விதித்த ஒருவரை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. குற்றச்சாட்டு வனைந்த பிறகே அவருக்குச் சட்ட உதவி வக்கீல் கிடைத்ததையும், தயாராகப் போதிய அவகாசம் தராததையும் அது கண்டித்தது. இன்னொரு குறையும் உண்டு. கடலூர் மாவட்டச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் 2013-இல் தூக்கை உறுதி செய்த அதே உச்ச நீதிமன்றம், 2023-இல் மறுசீராய்வில் அதைச் சிறைத் தண்டனையாகக் குறைத்தது. எதிரி எப்படிப்பட்ட மனிதர், திருந்துவாரா என்று கீழிருந்து மேல்வரை எந்தக் கோர்ட்டும் பார்த்திருக்கவில்லை.

என் குறை இங்கேதான். ஏர்க்காட்டின் கொட்டச்சேட்டிலிருந்து காப்பித் தோட்டக் கூலி ஒருவர் கொலை வழக்கில் சிக்கினார் என்று வைத்துக்கொள்வோம். விசாரணை சேலம் செஷன்ஸ் கோர்ட்டில். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியாக இருந்தால், 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி வருமானக் கணக்கே கேட்காமல் அவருக்கு வக்கீல் தர வேண்டும். காவலில் இருப்பவருக்கும் அப்படியே. இதை மலையில் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? பத்து ஆண்டு அனுபவமுள்ள வக்கீலும் வந்துவிட்டார், ஏழு நாளும் கிடைத்துவிட்டது. அந்த நாட்களில் அவர் கேஸ் கட்டைத்தான் படிக்க முடியும். எதிரி எந்த வயதில் பள்ளியை விட்டார், என்ன நோய் கண்டார், குடும்பம் எப்படிப்பட்டது என்பதெல்லாம் கட்டில் இருக்காது, ஊரில்தான் இருக்கும். 2022-இல் மனோஜ் வழக்கில், தூக்கா இல்லையா என்று முடிவெடுக்குமுன் இந்த விவரங்களைத் திரட்டியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் நெறிமுறையோ மரண தண்டனை வழக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வக்கீல், ஒரு புலனாய்வாளர், வாழ்க்கை வரலாறு திரட்ட ஒரு நிபுணர் என்று குழுவே கேட்கிறது. நம் சட்ட உதவி வக்கீல் தனி ஆள். அவர் குப்பனூர் வழியாக மலையேறிக் கொட்டச்சேட்டில் வீடு வீடாக விசாரிக்க வேண்டும் என்றால் அந்தச் செலவை யார் தருவது, அதற்கென எத்தனை நாள் தருவது என்று 2019 விதியில் ஒரு வரிகூட இல்லை.