சொறி: ஒரு கடற்சொல்லும் அதன் மருத்துவமும்

கொல்லிமலையின் பழைய ‘நாடு’களுள் ஒன்றான வளப்பூர் நாடு கடற்கரையிலிருந்து வெகுதொலைவில் உள்ள உயர்ந்த மலைப்பரப்பாகும். கடலில் கொட்டும் உயிர்களின் வரலாற்றில் அதற்கு இடமில்லை என்று தோன்றினாலும், அவ்வரலாற்றின் முதற்சொல் மலைக்கும் கடலுக்கும் பொதுவானது. வேலிகளிலும் புதர்களிலும் படர்ந்து, பட்ட இடத்தில் தடிப்பும் அரிப்பும் உண்டாக்கும் கொடியைத் தமிழர் காஞ்சொறி என்பர். கடலில் மிதந்து அதே வேலையைச் செய்யும் ஜெல்லி மீனை மீனவர் சொறி என்றும், மலையாளக் கரையினர் கடல்ச்சொறி என்றும் அழைப்பர். நெய்யையும் கொழுப்பையும் குறித்த ‘இழுது’ என்ற பழஞ்சொல்லைக் கொண்டு ஆக்கப்பட்ட இழுது மீன் என்ற பெயர் அவ்வுயிரின் உடலைப் பார்த்துச் சொன்னது. சொறி என்பதோ அது தீண்டிய மனிதத் தோலைப் பார்த்துச் சொன்னது. வலை இழுத்துப் புண்பட்ட கைகளிலிருந்து பிறந்த சொல் என்பதால் இரண்டாவதே வரலாற்றுக்கு மிகுந்த மதிப்புடையது.

பெயர் ஒன்றாயினும் கொட்டும் முறை ஒன்றன்று. காஞ்சொறியின் மயிரில் ஊசி போன்ற படிகம் ஒன்று இருக்கிறது. மயிர் முறியும்போது அது தோலைக் குத்துகிறது, குத்தியதும் அம்மயிரின் வேலை முடிந்துவிடுகிறது. குழியுடலிகள் என்னும் தொகுதியைச் சேர்ந்த சொறியின் தொங்கும் இழைகளிலோ நிமட்டோசிஸ்ட் எனப்படும் நுண்ணிய நச்சுப்பைகள் ஆயிரக்கணக்கில் பதிந்துள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் சுருண்டு கிடக்கும் குழல் தொட்டவுடன் வெளியே பாய்ந்து நஞ்சைச் செலுத்துகிறது. தோலில் ஒட்டிய இழையில் வெடித்தவை சிலவே, வெடிக்காமல் காத்திருப்பவை பல. உடலிலிருந்து அறுந்த இழையும், கரையில் ஒதுங்கிச் செத்த சொறியும், வலையில் சிக்கிய துண்டும் கொட்டுவது இதனால்தான். ஆகவே சொறிக்கான மருத்துவத்தில், ஏறிய நஞ்சைத் தணிப்பதற்கு முன், இன்னும் ஏறாத நஞ்சைத் தடுக்கும் கடமை ஒன்று இருக்கிறது. அதன் பிற்கால வரலாறு முழுவதும் இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே நகர்ந்தது.

தமிழகக் கரையின் தொழிற்கருவிகள் மீனவரின் உடலை இந்த இழைகளுக்கு மிக அருகில் வைத்தன. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில் நீரைத் தடுக்கும் பக்கப்பலகை இல்லாததால், அதில் செல்பவரின் கால்களை அலை ஓயாமல் நனைத்தது. கரையிலிருந்து இரு முனைக் கயிறுகளையும் பலர் கூடி இழுக்கும் கரைவலையில், கயிற்றோடும் கண்ணிகளோடும் வந்த சொறித்துண்டுகள் கைகளிலும் மார்பிலும் முகத்திலும் பட்டன. மீனோடு சொறி நிறைந்த வலை கனத்துக் கிழிவதும், அதைப் பிரித்தெடுக்க நேரம் வீணாவதும் தனி இழப்பு. கொட்டும் சொறியையும் கொட்டாத சொறியையும் நிறத்தாலும் வடிவாலும் பிரித்தறிவது மீனவருக்குப் பிழைப்பின் பகுதியாக இருந்தது.

அவ்வறிவுக்கு இணையான எழுத்துப் பதிவு இருபதாம் நூற்றாண்டில் தொடங்கிற்று. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்டது. அதே அருங்காட்சியக வெளியீடுகளில் எம்.ஜி.கே. மேனன் என்னும் விலங்கியலாளர் 1930-இல் சென்னைக் கரையின் சொறிகளையும், 1936-இல் குருசடையின் சொறிகளையும் வகைப்படுத்தி எழுதினார். 1928-இல் பிறந்த இயற்பியலறிஞர் எம்.ஜி.கே. மேனன் வேறொருவர் என்பதை இங்கே குறிப்பிடுவது தேவை.

நஞ்சைப் பற்றிய ஆய்வு அதற்கு முன்பே ஐரோப்பாவில் வேறொரு வழியில் தொடங்கியிருந்தது. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சென்ற சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியர் இருவரும் ஃபைசாலியா என்னும் நீலநிற மிதவை உயிரின் நஞ்சை ஆராய்ந்தனர். நாடு திரும்பி, அதன் உறவினமான கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றியபோது, முதல்முறை தாங்கிய விலங்கு சில வாரங்களுக்குப் பின் மிகச் சிறிய அளவுக்கே இறந்ததைக் கண்டனர். கடும் ஒவ்வாமையைக் குறிக்கும் ‘அனாஃபிலாக்சிஸ்’ என்ற சொல் 1902-இல் இவ்வாறு பிறந்தது. ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. உலக மருத்துவத்தின் பெரும் அடிப்படைகளுள் ஒன்று கடலில் கொட்டும் ஓர் உயிரைத் தேடிச் சென்ற பயணத்தில் கிடைத்தது.

முதலுதவியை மாற்றியவை ஆஸ்திரேலியக் கரையின் மரணங்கள். பெட்டிச்சொறி எனத்தக்க சதுரக் குடை கொண்ட கைரோனெக்ஸ் இனத்துக்கு அங்கே 1970-இல் நச்சுமுறி மருந்து உருவாயிற்று. அக்காலத்தில் கொட்டிய இடத்தில் சாராயக் கலவையை ஊற்றும்படி பரிந்துரைக்கப்பட்டு வந்தது; 1980-இல் வெளியான ஆய்வு, அக்கலவை எஞ்சிய நச்சுப்பைகளை வெடிக்கச் செய்கிறது என்றும், காடி எனப்படும் வினிகர் அவற்றை முடக்குகிறது என்றும் காட்டிற்று. உதவி என்று எண்ணிச் செய்யப்பட்டதே நஞ்சைக் கூட்டியது என்னும் இந்தக் கண்டுபிடிப்பு வலிமிக்கது. எனினும் வினிகர் ஏற்கெனவே ஏறிய நஞ்சை முறிப்பதில்லை. ஃபைசாலியாவுக்கு ஆஸ்திரேலிய முதலுதவி நெறி அதைப் பரிந்துரைப்பதும் இல்லை. ஃபைசாலியா கொட்டியவர்களிடம் அங்கு நடந்து 2006-இல் வெளியான ஒப்பாய்வில், பனிக்கட்டியைவிட 45 பாகை செல்சியஸ் வெந்நீரே வலியைக் கூடுதலாகத் தணித்தது.

சென்னைக் கடலில் இதே காலத்தில் சொறியின் நிலை மாறிக்கொண்டிருந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1985-ஆம் ஆண்டின் கட்டுரை ஒன்றில் சென்னைக்கு அப்பாலுள்ள சொறிகளின் தொல்லை, நச்சு, உணவுப்பயன் ஆகிய மூன்றையும் சேர்த்தே பேசினர். சீன முறைப்படி உப்பும் படிகாரமும் இட்டு நீரை வடித்துப் பதப்படுத்திய சொறி கிழக்காசியச் சந்தைகளுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கவே, வலையிலிருந்து வீசப்பட்டது விலைபோகும் சரக்காயிற்று. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குளிர்நீர்ப் பாதையைச் சொறிக்கூட்டம் அடைத்த செய்தியும் ஆய்விதழில் பதிவாயிற்று.

மலையூர்களிலிருந்து கடலாட வருவோரின் இயல்பான செயல், தடித்த தோலை நன்னீரால் கழுவித் தேய்ப்பது. அச்செயல் கடற்சொறிக்குத் தீங்காகலாம், ஏனெனில் நன்னீரும் மணல் தேய்ப்பும் வெடிக்காத பைகளைத் தூண்டக்கூடும். சிறுநீர் ஊற்றும் பழக்கத்துக்கும் ஆதாரம் இல்லை. பெட்டிச்சொறி என ஐயமிருந்தால் முதலில் வினிகரைக் குறைந்தது அரை நிமிடம் ஊற்றுதல், இல்லையெனில் கடல்நீரால் கழுவுதல், அதன்பின் வெறுங்கையால் தொடாமல் இழைகளை இடுக்கியால் எடுத்தல், பின்பு தோல் பொறுக்கும் சூட்டில், 45 பாகைக்கு மிகாத வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தல் என்பதே இன்று பொருந்தும் முறை. மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்ணில் பட்ட காயமோ இருப்பின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். எந்தச் சொறி கொட்டிற்று என்பதைப் பொறுத்தே வினிகர் உதவுமா என்பது அமைவதால், அதை நிறமும் வடிவும் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய கரை மீனவரிடம் முதலில் கேட்பது நன்று. வெந்நீரோ எந்தக் கடற்கரைத் தேநீர்க்கடையிலும் கொதித்துக்கொண்டிருக்கிறது, அதில் தண்ணீர் விளாவி முழங்கையால் சூடு பார்த்தபின் பயன்படுத்தினால் போதும்.