முகப்பில் பெயர் இல்லாத கார்

2008 கோடையில் அமெரிக்க ஷோரூம்களுக்குப் பெரிய செடான் ஒன்று வந்து சேர்ந்தது. நீளமான பானெட், தோல் இருக்கைகள், பின்சக்கரங்களுக்கு விசை போகும் அமைப்பு, கூடுதல் பணம் கொடுத்தால் 4.6 லிட்டர் வி8 எஞ்சின். பென்ஸும் பிஎம்டபிள்யூவும் என்னென்ன தருமோ அத்தனையும் இருந்தன. முகப்பு கிரில்லில் மட்டும் ஒன்றும் இல்லை. எந்தக் கம்பெனியும் தன் சின்னத்தைப் பளபளவென்று பதிக்கிற இடம் அது. அதை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தார்கள். யார் செய்த வண்டி என்று தெரிய வேண்டுமானால் பின்னால் போய் டிக்கியைப் பார்க்க வேண்டும். அங்கே சாய்ந்த ‘எச்’. ஹூண்டாய்.

ஜெனிசிஸ் என்று பெயரிடப்பட்ட அந்தக் காரின் வி6 மாடல் 33,000 டாலர் வாக்கில் தொடங்கியது. வி8 வேண்டுமானால் 38,000. அதே அளவுள்ள ஜெர்மன் கார்களின் விலையைப் பார்த்தால் இது கொள்ளை மலிவு. அப்படியும் செய்தவர்களுக்கே தங்கள் பெயரை முன்னால் மாட்டத் துணிவு வரவில்லை. அதற்கான காரணம் 22 வருடப் பழசு.

1986ல் ஹூண்டாய் அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது கொண்டுபோனது எக்ஸெல் என்ற சின்னக் கார். விலை 4,995 டாலர். அதுவரை பழைய கார் மட்டுமே வாங்கிப் பழகியவர்களும் புதுக் கார் சாவியைக் கையில் வாங்கலாம் என்றானது. முதல் ஆண்டிலேயே 1,68,000க்கு மேல் விற்றது. 1988ல் ஆண்டு விற்பனை 2,60,000ஐத் தாண்டியது. அதன் பிறகுதான் சாயம் வெளுத்தது. சில வருட ஓட்டத்திலேயே கோளாறுகள் வரிசை கட்டின. விற்கலாம் என்று போனால் கேட்பார் இல்லை. இரவு நேரத் தொலைக்காட்சியில் சிரிக்கவைக்கிறவர்களுக்கு ஹூண்டாய் என்ற பெயரைச் சொன்னாலே போதும், அரங்கம் சிரித்தது. 1998ல் விற்பனை 90,000 அளவுக்கு இறங்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எக்ஸெல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அதே 1986ல், ஹூண்டாய் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து கிராண்டியர் என்ற பெரிய செடானைத் தன் நாட்டில் வெளியிட்டது. கோடு போட்டு வெட்டியது போன்ற சதுர உடம்பு. சியோலில் கம்பெனித் தலைவர்கள் பின்சீட்டில் சாய்ந்து போகிற வண்டி அது. 1999ல் அதற்கும் மேலே ஈக்வஸ் வந்தது. ‘ஹூண்டாய் போய் சொகுசுக் கார் செய்வதா?’ என்று எந்தக் கொரியரும் கேட்கவில்லை. அவர்கள் கண்ணில் ஹூண்டாய் என்றால் கப்பல் கட்டுகிற, பாலம் கட்டுகிற, நாட்டையே கட்டிய குழுமம். அமெரிக்கர்கள் கண்ணில் அது பாதி வழியில் நின்றுபோகிற ஐயாயிரம் டாலர் கார்.

ஒரு கார் கம்பெனிக்கு ஒரு நாட்டில் என்ன மரியாதை என்பது, அந்த நாட்டார் அதன் எந்தக் காரை முதலில் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஊரில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் மாதிரிதான். உள்ளூரில் சாகும்வரை போகாது, பக்கத்து ஊரில் யாருக்கும் தெரியாது.

ஸ்கோடா கதை இதற்கு நல்ல சாட்சி. 1980களில் பிரிட்டனில் ஸ்கோடா என்றாலே ஜோக்தான். கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த பின்புற எஞ்சின் காரை வைத்துப் பள்ளிப் பிள்ளைகள்கூடத் துணுக்கு சொன்னார்கள். 1991ல் ஃபோக்ஸ்வாகன் உள்ளே வந்து தரத்தை உயர்த்திய பிறகும் அந்தச் சிரிப்பு அடங்கப் பல வருடம் பிடித்தது. அதே ஸ்கோடா 2001ல் ஆக்டேவியாவோடு இந்தியாவுக்கு வந்தபோது, அது ஐரோப்பாவிலிருந்து வந்த கௌரவமான டீசல் கார். கோவையிலோ மதுரையிலோ அதை வாங்கி வாசலில் நிறுத்தியவருக்கு லண்டன் ஜோக் ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதல்லவா? சொகுசுக் கார் வாங்குவதில் பாதிக்குமேல் பக்கத்து வீட்டுக்காரருக்காகத்தான்.

இந்தச் சிக்கலை முன்கூட்டியே கணித்தவர்கள் டொயோட்டாக்காரர்கள். 1983 ஆகஸ்டில் நடந்த மூடிய அறைக் கூட்டத்தில், உலகின் மிகச்சிறந்த காரோடு மோதும் காரை நம்மால் செய்ய முடியுமா என்று தலைவர் எய்ஜி டொயோடா கேட்டார். ஆறு ஆண்டு கழித்து 1989ல் வந்தது எல்எஸ் 400. அமெரிக்காவில் அதன்மேல் டொயோட்டா என்ற சொல்லே கிடையாது. லெக்ஸஸ் என்ற புதுப் பெயர், தனி ஷோரூம், தனி ஊழியர்கள். கொரோலா வாங்க வந்தவரும் லெக்ஸஸ் வாங்க வந்தவரும் ஒரே மேசையில் உட்கார நேராதபடி பார்த்துக்கொண்டார்கள். ஜப்பானிலோ இதே கார் டொயோட்டா செல்சியோர் என்ற பெயரில், டொயோட்டா ஷோரூமிலேயே விற்றது. அங்கே முகமூடிக்குத் தேவை இருக்கவில்லை. லெக்ஸஸ் என்ற பெயர் ஜப்பானுக்கே போய்ச் சேர்ந்தது 2005ல்தான்.

அமெரிக்காவில் எல்எஸ் 400 விற்பனை தொடங்கி மூன்று மாதத்துக்குள், 1989 டிசம்பரில், பிரேக் விளக்கிலும் க்ரூஸ் கன்ட்ரோலிலும் குறை தெரியவந்தது. விற்றிருந்த 8,000 கார்களையும் திரும்ப அழைக்க வேண்டிய நிலை. புதுப் பெயருக்கு அங்கேயே சமாதி கட்டியிருக்கலாம். ஆனால் காரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி யாருக்கும் கடிதம் போகவில்லை. ஆட்கள் வீடு தேடிப் போனார்கள், காரை வாங்கி வந்து சரிசெய்தார்கள், கழுவித் துடைத்து, டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். வேலை மூன்று வாரத்துக்குள் முடிந்தது. குறைபாட்டுச் செய்தி விளம்பரமாக மாறுவது அபூர்வம். லெக்ஸஸுக்கு அது வாய்த்தது.

டொயோட்டா இவ்வளவு பணிந்து போனதென்றால், ஃபோக்ஸ்வாகன் தலைவராக இருந்த ஃபெர்டினாண்ட் பியெஹ் நேர் எதிர்த் திசையில் போனார். வண்டு போன்ற பீட்டில் காரால் உலகம் அறிந்த கம்பெனி, 2002ல் ஃபேட்டன் என்ற சொகுசு செடானை இறக்கியது. வெளியே 50 டிகிரி வெயிலில் நாள் முழுக்க மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் உள்ளே 22 டிகிரி குளிர்ச்சி இருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்ததாக வாகன உலகில் இன்றும் பேசுவார்கள். ட்ரெஸ்டன் நகர நடுவில் இதற்கென்றே கண்ணாடிச் சுவர் ஆலை எழுந்தது. உதிரிபாகங்கள் நகரத்து டிராம் பாதையிலேயே நீல நிறச் சரக்கு டிராமில் வந்து இறங்கின. கார் உண்மையிலேயே நல்ல கார். இதன் அடிப்படையில்தான் பென்ட்லி கான்டினென்டலும் பிறந்தது. ஆனால் கிரில்லில் அதே பழைய ஃபோக்ஸ்வாகன் சின்னம், அதுவும் பெரிய அளவில். அமெரிக்காவில் 65,000 டாலருக்கு மேல் விலை சொல்லி, ஜெட்டா விற்கும் டீலர் கடையிலேயே நிறுத்தினார்கள். 2006ல் அங்கிருந்து கிளம்பியது. 2016ல் உற்பத்தியே நின்றது. அடுத்த ஆண்டிலிருந்து அந்தக் கண்ணாடி ஆலையில் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் மாடல் மின்சாரக் கார்களைப் பூட்டினார்கள்.

ஹூண்டாய் தொடக்கத்தில் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. அது செய்தது இன்னும் கடினமான காரியம் என்றே சொல்ல வேண்டும். முதலில் மலிவுக் காரைச் சரிசெய்தது. 1998 கடைசியில் அமெரிக்காவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 10 ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் அறிவித்தார்கள். போட்டிக் கம்பெனிக்காரர்கள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். காரின் தரம் உயராவிட்டால் அந்த உத்தரவாதமே கம்பெனியை மூழ்கடித்திருக்கும். 1999ல் தலைமைக்கு வந்த சுங் மோங்-கூ, ஒரு காலத்தில் குழுமத்தின் பழுதுபார்ப்புச் சேவை நிறுவனத்தை நடத்தியவர். வாடிக்கையாளர் எதற்கு எரிச்சலோடு வந்து நிற்பார் என்பது அவருக்குப் பாடம். 2004ல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் புதுக் கார் தரக் கணக்கெடுப்பில் ஹூண்டாய் ஹோண்டாவோடு சமமாக இரண்டாம் இடத்தில் நின்றது. பத்திரிகைகள் நம்பாமல் இரண்டு முறை படித்தன.

சின்னமில்லாத கிரில்லோடு ஜெனிசிஸ் வந்தது இதற்குப் பிறகுதான். வந்த சில வாரங்களில் லீமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்து நிதி நெருக்கடி வெடித்தது. மற்றவர்கள் விளம்பரத்தைச் சுருக்கிய நேரத்தில் ஹூண்டாய், கார் வாங்கிய ஒரு வருடத்துக்குள் வேலை போனால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று 2009 ஜனவரியில் அறிவித்தது. அதே மாதம் டெட்ராய்ட்டில் வட அமெரிக்காவின் சிறந்த கார் விருது ஜெனிசிஸுக்குக் கிடைத்தது. கொரியக் கார் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு நடுவே ஓடிய விளம்பரத்தில், ஜெர்மன் முதலாளியும் ஜப்பானிய முதலாளியும் அவரவர் மொழியில் ஊழியர்கள்மேல் எரிந்து விழுந்தார்கள். காரணம் ஹூண்டாய் வாங்கிய விருது. இருபது வருடம் ஜோக்குக்கு ஆளானவர்கள் திருப்பி ஒரு ஜோக் அடித்த தருணம்.

துணிச்சல் கூடி, 2010 கடைசியில் 58,000 டாலருக்கு ஈக்வஸையும் கொண்டுவந்தார்கள். கையேட்டுக்குப் பதில் ஐபேட். ஐபேட் என்ற பொருளே கடைக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதைவிடச் சுவாரஸ்யம், சர்வீஸுக்கு உரிமையாளர் வர வேண்டாம், ஆளே வந்து எடுத்துப் போவார் என்ற ஏற்பாடு. உபசாரம்தான், ஆனால் அதற்குள் இன்னொரு கணக்கும் இருந்திருக்கும். 58,000 டாலர் கொடுத்தவர் சாதாரண ஹூண்டாய் சர்வீஸ் வரிசையில் நின்று பார்த்தால் மனம் மாறிவிடும். எப்படியானாலும் ஆண்டுக்கு மூவாயிரம் சொச்சம்தான் விற்றது. 2014ல் சகோதரக் கம்பெனி கியா கொண்டுவந்த கே900 அந்த அளவுகூடத் தேறவில்லை.

கடைசியில் டொயோட்டா வழிக்கே வந்தார்கள். 2015 நவம்பரில் ஜெனிசிஸ் தனிப் பெயராகப் பிரிந்தது. பெயர் பிரிந்ததே தவிர கடை பிரியவில்லை. யார் விற்பது என்பதில் டீலர்களோடு நடந்த இழுபறியில் 2018ல் அமெரிக்க விற்பனை 10,000 சொச்சத்துக்கு விழுந்தது, முந்தைய ஆண்டில் பாதி. 2020 கடைசியில் ஜிவி80 என்ற எஸ்யூவி வந்தது. 2021ல் விற்பனை ஏறத்தாழ 50,000. 2024ல் 75,000. அதாவது, மலிவுக் கம்பெனியின் சொகுசு செடானை வாங்குவார்களா என்று முப்பது வருடம் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைப்பதற்குள், அமெரிக்கர்கள் செடான் வாங்குவதையே பெருமளவு நிறுத்திவிட்டார்கள். எஸ்யூவியில் புதுப் பெயரை ஏற்க அவ்வளவு தயக்கம் இருக்கவில்லை.

இந்தியாவில் இந்தப் பரீட்சையை எழுதிப் பெயிலானது மாருதி. 1983 டிசம்பரில் 800 காரோடு நம் மனதில் உட்கார்ந்த பெயர் அது. 2011 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து முழுதாக இறக்குமதி செய்த கிசாஷியை 16.5 லட்சம் ரூபாய்க்கு விற்க வந்தார்கள். 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், டீசலுக்கு வழியே இல்லை. அந்தப் பணத்துக்கு ஸ்கோடாவோ டொயோட்டாவோ கிடைக்கும்போது, ஆல்டோ நிற்கும் ஷோரூமில் யார் நின்று பேரம் பேசுவார்கள்? ஓடிய வரை பாராட்டு வாங்கிய கார், நூற்றுக்கணக்கில் மட்டுமே விற்று மறைந்தது. பாடம் படித்துக்கொண்டு 2015ல் நெக்ஸா என்ற தனி ஷோரூம்களைத் திறந்தார்கள். அது பிழைத்தது; ஆனால் அங்கே பெருவாரியாக விற்றவை பலேனோ மாதிரிக் கார்கள்தான், கிசாஷி விலைக் கார்கள் அல்ல. டாடாவோ, நானோவைக் காட்டிய அதே 2008ல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 230 கோடி டாலருக்கு விலைக்கே வாங்கிவிட்டது. பெயரை வளர்க்கக் காத்திருக்க விருப்பமில்லாதவர்களுக்கு அதுவும் ஒரு வழி.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் செய்த சான்ட்ரோவோடு 1998ல் நமக்கு அறிமுகமானது ஹூண்டாய். யாரும் அதைக் கேலி செய்யவில்லை. குடும்பத்துக்கு ஏற்ற நல்ல கார் என்றார்கள், அந்த நல்ல பெயரே பிறகு வேலியானது. 2001ல் வந்த சொனாட்டா அடுத்தடுத்த தலைமுறைகளாக உருமாறியும் காலூன்றாமல், 2010களின் நடுவில் சத்தமில்லாமல் நின்றது. 2023ல் 44.95 லட்சம் ரூபாய்க்கு வந்த ஐயானிக் 5, முதல் ஆண்டிலேயே ஆயிரத்தைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அது மின்சாரக் கார். அந்த வகையில் எந்தக் கம்பெனிக்கும் பழைய பெயர் என்று ஒன்று இன்னும் ஏற்படவில்லை. 2027க்குள் ஜெனிசிஸை இந்தியாவுக்குக் கொண்டுவரப்போவதாக 2025 அக்டோபரில் ஹூண்டாய் அறிவித்திருக்கிறது. கிரெட்டா விற்கும் கூரைக்குக் கீழேயே அதையும் நிறுத்தினால் சொனாட்டாவுக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேரும்.